ஆறாம் நாள்தான் பச்சை

பைண்டரம்மாவுக்குப் புத்தகங்களோடு சண்டை போடுகிற பழக்கம் உண்டு. மனிதர்களோடு போட முடியாத சண்டையை எல்லாம் அவள் ஒரு பென்சில் துண்டை வைத்துக்கொண்டு பக்கத்தின் ஓரத்தில் போட்டாள். சினிமாவுக்கு மேக்கப் போடுவது எப்படி என்று ஒரு புத்தகம். அடிபட்ட காயத்தை முகத்தில் வரைகிற பாடத்தில், முதல் நாள் சிவப்பு, இரண்டாம் நாள் நீலம், மூன்றாம் நாள் பச்சை என்று அதை எழுதின மகானுபாவர் வரிசை கட்டி வைத்திருந்தார். பைண்டரம்மா சட்டைக் கையை மேலே ஏற்றித் தன் புஜத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஓரத்தில் எழுதினாள்: 'தவறு. ஆறாம் நாள்தான் பச்சை. அதுவும் ஓரத்திலிருந்து தொடங்கும். நடுவில் கறுப்பு அப்படியே நிற்கும். மஞ்சள் கடைசியில்.'

அந்த மனிதர் எத்தனை நடிகர்களுக்கு மேக்கப் போட்டாரோ தெரியாது. அடி வாங்கியவர் இல்லை என்பது மட்டும் நிச்சயம். பைண்டரம்மா வாங்கியவள். கல்யாணமான நாலாவது மாதத்திலிருந்து வாங்கியவள். இந்த விஷயத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

அவளுக்கு வேலை ஒரு பைண்டிங் கடையில். அச்சகத்துக்குப் பின்னால் நீளமான ஒரு கூடம். ஒரு கோடியில் கட்டிங் மெஷின், நடுவில் தையல் பலகைகள், இன்னொரு கோடியில் பசை வாளிகள். நூலகங்களிலிருந்து குற்றுயிராக வரும் புத்தகங்களின் பழைய நூலை அறுத்து, பாரம் பாரமாகப் பிரித்து வைப்பாள். பாரம் என்றால் அச்சடித்து மடித்த பதினாறு பக்கக் கட்டு. அவற்றை மறுபடி ஊசி நூலால் கோத்து, முதுகைச் சுத்தியலால் தட்டி வளைத்து, பசை போட்டு, அட்டை மாட்டினால் புத்தகம் பிழைத்துக்கொள்ளும். தைக்கும்போதே படிப்பாள். ஒரு பாரத்தைத் தைத்து முடிப்பதற்குள் அதன் பதினாறு பக்கமும் அவள் கண்ணுக்குள் போயிருக்கும். முதலாளிக்கு இது தெரியும். கண்டுகொள்ள மாட்டார். வேலை நடந்தால் சரி என்கிற ஆசாமி.

பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு சினிமாப் பயிற்சிப் பள்ளி தன் நூலகத்தையே மூட்டை கட்டி அந்தக் கடைக்கு அனுப்பியது. கேமரா, வெளிச்சம், ஒலி, ஒப்பனை, சண்டை, படத்தொகுப்பு என்று நானூறு சொச்சம் புத்தகங்கள். பைண்டரம்மா அதுவரைக்கும் தியேட்டர் வாசலை மிதித்தது ஐந்தாறு தடவை இருக்கும். அதிலும் இரண்டு தடவை பாதியில் எழுந்து வந்தவள். அப்படிப்பட்டவளை ஒரு வரி பிடித்துக்கொண்டது. படத்தொகுப்புப் புத்தகத்தில், அடிக்கக் கை ஓங்குவதைக் காட்டு, அடி வாங்கியவன் தரையில் கிடப்பதைக் காட்டு, நடுவில் இருப்பதை வெட்டிவிடு, அந்த அடியைப் பார்க்கிறவன் தானே பார்த்துக்கொள்வான் என்று எழுதியிருந்தது. ஊசியைப் பாதியில் நிறுத்திவிட்டு அந்த வரியை நாலு தடவை படித்தாள். அவளுக்கும் அப்படித்தான். ஓங்கிய கை ஞாபகம் இருக்கும். தரையின் குளிர்ச்சி ஞாபகம் இருக்கும். நடுவில் ஒன்றும் இருக்காது. தன் மண்டைக்குள் நடப்பதை எவனோ ஒருவன் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறானே என்று அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஒரே புத்தகத்தின் இரண்டு கிழிந்த பிரதிகளைச் சேர்த்து ஒரு நல்ல பிரதி செய்தால் மீதிப் பாரங்கள் குப்பைக்குத்தான் போகும். முதலாளியிடம் கேட்டாள். "எடுத்துக்கம்மா, குப்பைக்குப் போற சமாசாரம்தானே" என்றார். அப்படிச் சேர ஆரம்பித்தது. அப்புறம் பழைய பேப்பர்க் கடைகளிலும் தேட ஆரம்பித்தாள். பேப்பர்க் கடைக்காரர்கள் அவளைத் தூரத்தில் கண்டதுமே, "சினிமா அம்மா வந்துட்டாங்க, அந்த மூட்டையை அவிழ்த்துப் போடு" என்பார்கள். நடிகர்களின் படம் போட்ட பத்திரிகையைத் தொடவே மாட்டாள். எப்படி எடுத்தார்கள் என்று சொல்கிற புத்தகம்தான் வேண்டும்.

வீட்டுக்காரனுக்கு வேலை டிரைவிங் ஸ்கூலில். மரியாதை கொடுத்து எழுதக் கை வரவில்லை, அவன் என்றே இருக்கட்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரை பயந்த சுபாவக்காரர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலுக்கு அடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை மெதுவாக மிதித்து, "பரவாயில்லை, பதறாதீங்க, மறுபடி பண்ணலாம்" என்று சொல்லிக்கொடுப்பான். அவனைப் போல ஒரு பொறுமைசாலி உண்டா என்று ஊரே மெச்சும். ஊருக்குப் போக மீதி எதுவும் வீட்டுக்கு வராது. பொறுமை மொத்தமும் வண்டியிலேயே தீர்ந்துவிடும்.

அவள் கொண்டுவந்த முதல் புத்தகத்தை அவன் தொடையில் வைத்து முதுகெலும்பு முறிகிற மாதிரி இரண்டாக முறித்தான். "சினிமா புஸ்தகமா? எவனைப் பார்த்துப் பல்லிளிக்கறதுக்கு?" என்று கேட்டுக்கொண்டே அதில் ஒரு பாதியால் அவள் வாயில் அடித்தான். முன்பல் ஆடியது. மறுநாள் இரண்டு பாதியையும் கடைக்கு எடுத்துப்போய்த் தைத்தாள். பல் இரண்டு மாதம் ஆடிவிட்டுத் தானே கெட்டிப்பட்டது.

அப்போதுதான் அவளுக்கு யோசனை வந்தது. ஒரு வக்கீல் ஆபீஸ் தன் சட்டப் புத்தகங்களுக்கு அட்டை போடச் சொல்லியிருந்தது. முதுகில் தங்க எழுத்தில் 'தண்டனைச் சட்ட விளக்கம்' என்று அடித்த இடத்தில் எழுத்துக் கோக்கிறவன் தூக்கக் கலக்கத்தில் இரண்டு சுழி போட வேண்டிய இடத்தில் மூன்று சுழி போட்டுவிட்டான். வக்கீல் கத்தினார். ஐந்து தொகுதிக்குச் செய்த ஐந்து அட்டையும் வீண். பைண்டரம்மா அந்த ஐந்தையும் எடுத்துக்கொண்டாள். அடுத்து நிலவரி ஆணைகள், குடிநீர் வாரிய ஆண்டறிக்கை என்று அளவு தப்பிப்போன அட்டைகள் எல்லாம் அவளிடம் வந்து சேர்ந்தன. எந்த சினிமாப் புத்தகம் எந்த அட்டைக்குள் உட்காருகிறதோ அதை அதற்குள் வைத்து ஒட்டினாள். வீட்டுக்காரன் கேட்டதற்கு, "கடைப் புத்தகங்க. அங்க ஈரம் ஏறுதுன்னு முதலாளி வீட்டுல வெக்கச் சொன்னாரு" என்றாள். அவனும் விட்டுவிட்டான். குடிநீர் வாரிய அறிக்கையை எவன் பிரித்துப் பார்ப்பான்?

கெட்டிக்காரிதான். ஆனால் பைண்டருக்கே உரிய ஒரு தப்பை அங்கே செய்தாள். பைண்டர் கண்ணுக்குத் தலைப்பு தெரியாது, தடிமன்தான் தெரியும். சண்டைக் காட்சிகளில் அடி வாங்கி விழுவது எப்படி என்று விளக்கும் புத்தகம் இரண்டு விரற்கடை தடிமன். தண்டனைச் சட்டத்தின் மூன்றாம் தொகுதி அட்டைக்கு அது அச்சாகப் பொருந்தியது. அவ்வளவுதான் அவள் பார்த்தது. அடிதடிக்காரன் ஒருவன் இருக்கிற வீட்டில், நிலவரி ஆணையைத் தேடாவிட்டாலும் தண்டனைச் சட்டத்தை என்றாவது ஒரு நாள் தேடுவான் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஏன் அவள் அந்த வீட்டில் இருந்தாள் என்று கேட்பீர்கள். கேட்கிறவர்களுக்கு என்ன, வாய் வலிக்காது. அதற்கும் ஒரு காரணம் இருந்தது. மகளுக்கு நாலு வயதாக இருந்தபோது தண்ணீர் டம்ளரைக் கவிழ்த்துவிட்டது என்று அவன் குழந்தை மேல் கை ஓங்கினான். பைண்டரம்மா நடுவில் புகுந்து அந்த அடியை வாங்கினாள். வாங்கிக்கொண்டு, மூக்கில் ரத்தம் வழிய, நிதானமாகச் சொன்னாள். "என்னை என்ன வேணா பண்ணுங்க. பாப்பா மேல கை பட்டுச்சுன்னா அன்னிக்கே கூட்டிட்டுப் போயிடுவேன். அப்புறம் தேடினாலும் கிடைக்க மாட்டோம்." "சரி" என்றான். அந்த ஒரு 'சரி'யை நம்பிப் பத்து வருடம் ஓட்டினாள். தன் உடம்பு முன்னால் நிற்கிற வரைக்கும் மகளின் உடம்பு பத்திரம் என்பது அவள் கணக்கு. மாதம் ஒரு தடவையாவது மகளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பாள். "அப்பா உன்னை ஏதாவது...?" "இல்லம்மா" என்பாள் மகள். அந்தப் பதிலைக் கேட்டுவிட்டு நிம்மதியாக அடுத்த அடிக்குத் தயாராவாள்.

தயாராவது என்பது வெறும் வார்த்தை இல்லை. சண்டைப் புத்தகத்தில் 'விழுதல்' என்று ஒரு பாடம் உண்டு. தாடையை நெஞ்சோடு சேர், கையை ஊன்றாதே, ஊன்றினால் மணிக்கட்டு போகும், மூச்சை வெளியே விட்டபடி தோளில் விழுந்து உருள், உள்ளங்கையால் தரையை ஓங்கி அறை, பாதி வேகத்தைத் தரை வாங்கிக்கொள்ளும் என்று படம் போட்டு விளக்கியிருந்தது. கடையில் கட்டிங் மெஷின் வெட்டித் தள்ளும் காகிதச் சீவல் சாக்கு சாக்காக ஒரு மூலையில் குவிந்திருக்கும். சாப்பாட்டு வேளையில் மற்றவர்கள் வெளியே போனதும் அந்தக் குவியல் மேல் விழுந்து பழகினாள். ஒரு நாள் முதலாளி எதையோ மறந்துவிட்டுத் திரும்பி வந்தவர், அவள் அந்தரத்தில் பறந்து குப்புற விழுவதைப் பார்த்துவிட்டார். "என்னம்மா, வழுக்கிடுச்சா?" என்றார். "ஆமாங்க" என்றாள். தலையில் ஒட்டிய சீவலைத் தட்டிவிட்டுப் போய் ஊசியை எடுத்தாள்.

பலன் கைமேல் கிடைத்தது. முன்பெல்லாம் அவன் ஆரம்பித்தால் அரைமணி நேரம் ஆகும். அவள் அசையாமல் நின்று வாங்குவாள், அது அவனுக்கு இன்னும் வெறியேற்றும். இப்போது முதல் அறையிலேயே தரை அதிர விழுந்தாள். உள்ளங்கை அறைந்த சத்தத்தில் அவனே ஒரு நொடி பயந்து போவான். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஓரத்தில் எழுதினாள்: 'சத்தமாக விழுந்தால் சீக்கிரம் முடிகிறது. இடது தோள் என்றால் வலி பாதி. இதை எழுதினவருக்கு நன்றி.' இன்னொரு பக்கத்தில், 'பெல்ட் வந்தால் இந்தப் பாடம் உதவாது. சுவர் மூலைக்குப் போவதே நல்லது. முதுகு மட்டும் கொடுத்தால் போதும்.' ஒலிப்பதிவுப் புத்தகத்தில் குத்துச் சத்தத்துக்கு முட்டைக்கோஸை உடைத்துப் பதிவு செய்யச் சொல்லியிருந்த இடத்தில், 'கன்னத்துக்கு இது சரி. விலாவில் விழுந்தால் சத்தமே வராது. மூச்சு போகிற சத்தம்தான் வரும். அதைப் பதிவு செய்யவும்' என்று திருத்தினாள்.

அடிக்கிற கைதான் அணைக்கும் என்று ஒரு பழமொழி இருக்கிறது. சொன்னவன் எவனோ, அவன் கையை யாராவது திருப்பி முறுக்கியிருந்தால் வேறு பழமொழி சொல்லியிருப்பான்.

ஒரு சனிக்கிழமை அவன் பொறுமை வண்டியிலேயே அறுந்துவிட்டது. சிக்னலில் ஒரு ஸ்கூட்டர்க்காரர் பின்னாலிருந்து ஹாரன் அடித்தார். ஸ்டியரிங்கில் இருந்த கத்துக்குட்டி பதறி வண்டியை அணைத்தாள். அவன் இறங்கிப் போய் ஸ்கூட்டர்க்காரரின் ஹெல்மெட்டைக் கழற்றி, அந்த ஹெல்மெட்டாலேயே அவர் முகத்தில் இரண்டு போடு போட்டான். இரண்டு பல் ரோட்டில் விழுந்தது. நடுரோடு, நாலு பேர் செல்போனில் படம் எடுத்திருக்கிறார்கள். வெளி ஆள் என்றால் உடனே சட்டம் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தெரிந்த வக்கீல் குமாஸ்தா ஒருவனிடம் போனில் பேசினான். பைண்டரம்மா ஜன்னலோரம் மேஜையில் உட்கார்ந்து, கடையிலிருந்து கொண்டுவந்த ஒரு பாட்டுப் புத்தகத்தின் முதுகைச் சுத்தியலால் தட்டி வளைத்துக்கொண்டிருந்தாள். மகள் உள்ளறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"பல்லு உடைஞ்சா எத்தனை வருஷம்னு பார்க்கணும்" என்று போனை வைத்துவிட்டு அவன் எழுந்தான். "உடம்புல காயம் பண்றதெல்லாம் மூணாவது தொகுதியில இருக்குமாம். நம்ம வீட்டுலதான் அஞ்சும் இருக்கே."

அவள் சுத்தியலைக் கீழே வைத்தாள். "அது பழசுங்க. இப்ப சட்டமெல்லாம் மாறிடுச்சாம்."

"நீ எப்ப வக்கீலானே?" என்றான். மூன்றாம் தொகுதியை உருவினான்.

பிரித்ததும் ஒரு ஆள் மாடிப்படியில் தலைகுப்புற உருளும் படம் வந்தது. அடுத்த பக்கத்தில் அதே ஆள் தரையில். அவன் முன்னட்டையைத் திருப்பிப் பார்த்தான், முதுகெழுத்தைப் பார்த்தான், மறுபடி உள்ளே பார்த்தான். பிறகு பென்சில் எழுத்து கண்ணில் பட்டது. அவள் கையெழுத்து அவனுக்குத் தெரியாதா? அவளுக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தான். கத்தவில்லை, எழுந்து வரவில்லை. கால்மணி நேரம் பக்கம் பக்கமாக அந்தப் பென்சில் எழுத்தை மட்டும் தேடித் தேடிப் படித்தான். கத்தியிருந்தால்கூட அவள் இவ்வளவு பயந்திருக்க மாட்டாள்.

"சத்தமாக விழுந்தால் சீக்கிரம் முடிகிறது" என்று வாய்விட்டுப் படித்தான். "ஓகோ. அப்ப இத்தனை வருஷமா எனக்குப் படம் காட்டிட்டிருந்தே."

"அப்படியெல்லாம் இல்லீங்க."

"இடது தோள் என்றால் வலி பாதி. பாதிதான் வலிச்சுதா உனக்கு? மீதிப் பாதி எங்க?" அவன் குரலில் உண்மையாகவே ஒரு வருத்தம் இருந்தது. கூலி கொடுத்த வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போன ஆளிடம் கேட்கிற மாதிரி கேட்டான். ஒருத்தியைப் பதினைந்து வருடம் அடித்தவன், அவளுக்குப் போதிய அளவு வலிக்கவில்லை என்று தெரிந்து ஏமாந்து போய் உட்கார்ந்திருந்தான். இந்தக் கண்ராவியை எங்கே போய்ச் சொல்வது?

"எழுந்திரு. விழுந்து காட்டு."

எழுந்தாள். அறைந்தான். தாடை நெஞ்சோடு சேர்ந்தது, தோள் தரையைத் தொட்டது, உள்ளங்கை அறைந்தது.

"இது புத்தகத்துல இருக்கறது. நிஜமா விழு."

இரண்டாவது அறை. மறுபடி அதே தோள், அதே உள்ளங்கை. வேண்டுமென்று செய்யவில்லை. உடம்புக்கு வேறு மாதிரி விழவே மறந்து போயிருந்தது. "இன்னொரு தடவை" என்றான். மூன்றாவது அறை இடதுகையால், எதிர்பார்க்காத பக்கத்திலிருந்து வந்தது. மேஜைக் கால் அவள் புருவத்தைக் கிழித்தது. கீழே கிடந்தவளின் விலாவில் காலால் ஒன்று விட்டான். மூச்சு போகிற சத்தம் மட்டும் வந்தது. ரத்தம் கண்ணுக்குள் இறங்கி உலகமே சிவப்பாகத் தெரிந்தது. உள்ளறை வாசலில் மகள் வந்து நிற்பதை அந்தச் சிவப்புக்குள்தான் பார்த்தாள்.

"பாப்பா, உள்ள போ."

மகள் போகவில்லை.

அவனுக்கு மூச்சு வாங்கியது. நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தான். அடித்துக் களைத்தவனுக்கு ஓய்வு வேண்டாமா? மேஜைமேல் திறந்து கிடந்த புத்தகத்தில் வலது கையை விரித்து வைத்துக்கொண்டு, கிண்டலாக, பள்ளிக்கூடத்துப் பையன் ராகம் போட்டு ஒப்பிக்கிற மாதிரி மேலே படித்தான். பெல்ட்டைப் பற்றிப் படித்தான். சுவர் மூலையைப் பற்றிப் படித்தான். ஒவ்வொன்றையும் எழுதிய நாள் அவளுக்கு ஞாபகம் வந்தது. அதே வேகத்தில் பக்கத்தைத் திருப்பி, கண்ணில் பட்டதைப் படித்தான்.

"முடியைப் பிடிச்சு இழுத்தா எதிர்த்து இழுக்கக் கூடாது, கூடவே போகணும். இந்தப் புத்தகத்துல இது இல்லை. செவ்வாய்க்கிழமை, அம்மா வேலைக்குப் போன..."

நிறுத்திவிட்டான்.

நுணல் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை ராகம் போட்டே கெட்டது. பைண்டரம்மா தரையிலிருந்து தலையைத் தூக்கினாள். அதை அவள் எழுதவில்லை. அவள் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு பத்து வருடமாகிறது, பிடித்து இழுக்க அவள் தலையில் ஒன்றும் இல்லை. செவ்வாய்க்கிழமைகளில் மகளுக்குப் பள்ளி மத்தியானத்தோடு முடியும். அன்றைக்கு மட்டும் அவனுக்கும் வகுப்பு சாயங்காலம்தான். வாசலில் நிற்கும் மகளைப் பார்த்தாள். மகளின் பின்னல் நெஞ்சு மேல் கிடந்தது. மகள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

எழுந்தது எப்படி என்று அவளுக்கு நினைவில்லை. சுத்தியல் கைக்கு வந்தது எப்படி என்றும் நினைவில்லை. பைண்டரின் சுத்தியலுக்கு முகம் அகலம், கைப்பிடி குட்டை, கனம் எல்லாம் முன்பக்கம். பதினேழு வருடமாகக் காகிதத்தை அடித்த கை அது, குறி தப்பாது. புத்தகத்தின் மேல் விரித்து வைத்திருந்த அவன் விரல்களின் மேல் இறங்கியது. சத்தம் பெரிதாக வரவில்லை. ஈரக் கட்டையை மிதித்த மாதிரி ஒரு சத்தம், அதற்கப்புறம்தான் அவன் அலறல். நாற்காலியோடு பின்னால் சாய்ந்தான். தாடையைச் சேர்க்கத் தெரியாமல், கையை ஊன்றி, மண்டை சுவரில் மோத, உலகத்திலேயே மோசமான விழுதலாக விழுந்தான். அதைப் பார்த்து அவளுக்கு ஒரு சந்தோஷம் வந்தது. வந்ததை ஏன் மறைக்க வேண்டும்? நல்ல சந்தோஷம்.

இரண்டாவது தடவை ஓங்கினாள். இந்த முறை விரலைப் பார்த்து ஓங்கவில்லை, தலையைப் பார்த்து ஓங்கினாள். மகள் ஓடிவந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"போதும்மா. வா போகலாம்."

"எத்தனை நாளா?"

"வாம்மா."

அவன் சுவரோடு ஒட்டிக் கையைத் தொடைகளுக்கு நடுவில் செருகிக்கொண்டு, "கொன்னுட்டா, கொன்னுட்டா" என்று முனகினான். சாகவில்லை. அவன் எங்கே சாவான்! பைண்டரம்மா சுத்தியலை மேஜையில் வைத்தாள். மகள் புத்தகத்தை எடுத்து மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் செருப்பு மாட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள். பக்கத்து வீட்டு அம்மாள் வாசலில் நின்றிருந்தாள். பைண்டரம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "மறுபடி விழுந்துட்டியாம்மா?" என்று கேட்டாள். பைண்டரம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தாள்.

ஸ்டேஷனில் புகார் எழுதுகிறவர் நடுத்தர வயதுக்காரர். மேஜையில் வைத்த புத்தகத்தின் முதுகைப் படித்துவிட்டு, "என்னம்மா, தண்டனைச் சட்டத்தையே தூக்கிட்டு வந்துட்டீங்க? எங்களுக்குப் பாடம் எடுக்கவா?" என்றார். அவள் புருவத்திலிருந்து சட்டை வரைக்கும் காய்ந்திருந்த ரத்தத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கியது. உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார்.

"உங்க வீட்டுக்காரர் கை உடைஞ்சு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கறதா இப்பதான் போன் வந்துச்சு."

"ஆமாங்க. நான்தான் உடைச்சேன். அதையும் எழுதிக்குங்க."

"அது கேஸாகும்மா."

"ஆகட்டும். பாப்பாவை அடிச்சதையும் எழுதுங்க."

அவர் பேனாவைத் திறந்தார். "எப்பலேருந்து அடிக்கிறாரு? உங்களைச் சொல்லலை, பொண்ணை."

மகள் மேல் அடி விழ விட்டதில்லை என்பதுதான் வாழ்க்கையில் அவளிடம் இருந்த ஒரே பெருமை, அதுவும் இப்போது இல்லை. மகள் பக்கம் திரும்பினாள். "ஏன் கண்ணு சொல்லலை? மாசா மாசம் கேட்டேனே."

மகள் மேஜையின் விளிம்பைப் பார்த்தபடி பேசினாள். "சொன்னா உன்னைக் கொன்னுடுவேன்னார். சொல்லக் கூடாதுன்னுதான் சொன்னார். எழுதக் கூடாதுன்னு சொல்லலை." புத்தகத்தை அவள் பக்கம் நகர்த்தினாள். "நீ எல்லாப் புத்தகத்தையும் மறுபடி மறுபடி படிப்பே. அப்பா தொடவே மாட்டார். அதான் இதுல எழுதினேன். நீ பார்த்துடுவேன்னு இருந்தேன்."

பைண்டரம்மா திறந்தாள். அவளுடைய பென்சில் எழுத்துக்களுக்குக் கீழே, பக்கவாட்டில், வரிகளுக்கு நடுவில் எல்லாம் நீல மையில் சின்னச் சின்ன எழுத்து. மேலும் மேலும் பக்கங்களைப் புரட்டினாள். எல்லாவற்றிலும் இருந்தது. அந்தப் புத்தகம் அவளுக்கு மனப்பாடம். மனப்பாடம் ஆகிவிட்டது என்று இரண்டு வருடமாக அதை அவள் அலமாரியிலிருந்து எடுக்கவே இல்லை. வெளிச்சத்தைப் பற்றிப் படித்தாள், ஒலியைப் பற்றிப் படித்தாள், யார் யாரோ எழுதினதை எல்லாம் தேடித் தேடிப் படித்தாள். இது கைக்கெட்டிய தூரத்தில் இரண்டு வருடமாக நின்றுகொண்டிருந்தது. பாவி, பாவி என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது. அவனைச் சொல்லவில்லை.

எழுதுகிறவர் காத்திருந்தார். "படிங்கம்மா. நாள் போட்டிருந்தா நாளோட."

முதல் நீல எழுத்து 'விழுதல்' பாடத்திலேயே இருந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்தாள்.

"அம்மா, இடது தோள்னு எழுதியிருக்கே. நான் சின்னவளா இருக்கறதால அது சரியா வரலை. வலது பக்கம்தான் வருது. உனக்குத் தெரிஞ்சா கீழே எழுது..."

கீழே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. மூன்று விரற்கடை இடம் காலியாக விட்டிருந்தது. பைண்டரம்மா அந்தக் காலி இடத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள். மகள் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி, தேதியிலிருந்து தொடங்கி, எழுதுகிறவர் எழுதி முடிக்கும் வேகத்துக்கு நிறுத்தி நிறுத்திப் படித்தாள்.